இடது கால்

சீசன் முடிந்து பதினொரு நாள்.
பத்து அணிகளில் ஒன்பதாவது நாங்கள்.
கிரேண்ட்பாஸில் மத்தியானமே இருட்டி மழை பிடித்துக்கொண்டது.
கிளப் அறையில் நானும் ரிஸ்மியும்.
மூன்று மின்விசிறிகளில் ஒன்று சுழல்கிறது,
அதுவும் எங்களுக்கு நேரே இல்லை.

பழைய தேர்தல் போஸ்டர் ஒன்றைத் திருப்பிப் போட்டு
வெள்ளைப் பக்கத்தில் மைதானம் கீறினோம்.
சோடா மூடிகள்தான் ஆட்கள்.
நடுக்கோட்டுக்கு அடியில்
யாரோ ஒரு வேட்பாளரின் பற்கள் மங்கலாய்த் தெரிகின்றன.

வாங்கிய கோல் முப்பத்தொன்று.
அதில் பத்தொன்பது இடப்பக்கத்தால் வந்தது.
கொப்பியைப் பார்த்து ரிஸ்மி வாசித்தான்,
வானொலியில் மழைவீழ்ச்சி வாசிப்பவர் மாதிரி,
மில்லிமீற்றர் மில்லிமீற்றராக.

வேண்டியது ஓர் இடது கால்.

நல்ல மொழியில்தான் வந்து பிறந்தோம்.
மருமகளா, வலது காலை எடுத்து வை.
புது வீடா, வலது கால்.
பிள்ளை இடக்கையால் சோற்றைத் தொட்டால்
புறங்கையில் ஒன்று விழும்.
இப்படியே எல்லாரையும் வளர்த்துவிட்டு
கொழும்பு முழுக்க இப்போது தேடுகிறேன்,
ஓடி வரும் பந்தை யோசிக்காமல்
இடது காலால் நிறுத்தும் ஒருத்தனை.

கொம்பனித்தெருவில் ஒருத்தன் இருந்தான்,
மலாய்ப் பொடியன், துவான் ஃபைரூஸ்.
போன மாதம் கட்டார் போய்விட்டான்,
குளிரூட்டி பொருத்த.

மோதரையில் இன்னொருத்தன், சமித்.
அவனை நேவி கேட்டிருக்கிறது.
நிரந்தர வேலை, சீருடை, பென்ஷன்.
அவனுடைய அம்மா பிளேன்டீயும் மாரி பிஸ்கட்டும் வைத்துவிட்டு
சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்:
உங்களுடைய கிளப் பென்ஷன் தருமா, மகன்?
பிஸ்கட்டைத் தேநீரில் கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டேன்.
பாதி அடியில் போய்ப் படிந்தது.

தெஹிவளை ஏஜென்ட் கானாவிலிருந்து வீடியோ அனுப்பினான்.
நாலு நிமிடம்.
நாலு நிமிடத்தில் அந்த மனிதன்
ஒரு பந்தையும் பறிகொடுக்கவில்லை.
அப்படி ஒரு மனிதன் இல்லை.
இருந்தாலும் ஒன்பதாவது அணிக்கு வர மாட்டான்.

முதலாளி ஓடு இறக்குமதி செய்கிறவர்.
போன வருடக் காசுதான் இந்த வருடமும் என்றார்.
டாலரிடம் அதைச் சொல்ல முடியுமா
என்று கேட்க நினைத்து
சரி சேர் என்றேன்.

ஆகவே கூட்டுவது பிறகு. முதலில் கழிப்பது.

ரிஸ்மி ஒரு மூடியை விரலால் தட்டினான். நெக்டோ மூடி.
ரெஜினோல்ட். முப்பத்துமூன்று வயது.
ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது.
பத்தொன்பது கோலையும் கொப்பி அவன் பெயரில் எழுதியிருக்கிறது.

நான் போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ரெஜினோல்ட் வலது காலன்.
ஆறு சீசன் இடப்பக்கம் நின்றான்.
ஆள் கிடைக்கும் வரைக்கும் கொஞ்ச நாள் நில் என்று
நான்தான் நிறுத்தினேன்.
ஒவ்வொரு பந்துக்கும் உடம்பைத் திருப்பி
வலது காலுக்கு இடம் எடுக்க வேண்டும் அவனுக்கு.
அந்த அரை விநாடிக்குள்
ஊரில் உள்ள எல்லா விங்கரும் வந்து போனார்கள்.

அதைக் கொப்பியில் எந்த நிரலில் எழுதுவது?

ஃபோன் அடித்தது. அவனேதான்.
பின்னால் ஓட்டோ இரைச்சல், புறக்கோட்டை ஹோர்ன்கள்.
கோச், பயிற்சி எப்ப தொடங்குது?
மதிலில் ஒவ்வொரு நாளும் இருநூறு தரம் அடிக்கிறன்,
இடது காலால மட்டும்.
பக்கத்து வீட்டு டெய்சி அக்கா பொலிசுக்குப் போவாவாம்.
சிரித்தான்.
கொஞ்சம் பிடிபடுது கோச், என்றான்.

முப்பத்துமூன்று வயதில்
கொஞ்சம் பிடிபடுகிறது.

செவ்வாய் நாலரைக்கு வா என்றேன்.
எதற்கென்று சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை; யாரோ ஹயர் ஏறினார்கள்.

மூடி இருந்த இடத்திலேயே இருந்தது.
ரிஸ்மி கொப்பியில் ஒரு வரி எழுதினான்,
எனக்குத் தெரியாதபடி
இடது கையால் மறைத்துக்கொண்டு.